இழுவைப்பாதையும் இன்பச்செலவும்: பொற்றோமாக் கால்வாய்க்கரை பற்றிய ஒரு நோக்கு

இயற்கையை நாடிச் செல்லும் பயணத்தைத் தனிமனித மனநிலை சார்ந்த ஒன்றாகவே கருதும் வழக்கம் நம்மிடையே பரவலாகக் காணப்படுகின்றது. மரஞ்செறிந்த பாதை, அருகே நீர்நிலை, அவசரமின்றி உருளும் துவிச்சக்கரவண்டி ஆகிய மூன்றும் சேர்ந்த காட்சி வரலாற்றுக்கு அப்பாற்பட்டது போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயின் அப்பாதை யாரால், எதற்காக, எக்காலத்தில் அமைக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பியவுடனே காட்சியின் அமைதி கலையத் தொடங்குகின்றது. இக்கட்டுரை அவ்வினாவை ஒரு குறிப்பிட்ட பாதையை ஆதாரமாகக் கொண்டு ஆராய முற்படுகின்றது.

துவிச்சக்கரவண்டி என்றதும் நமது வாசகருக்கு நினைவில் எழுவது பாடசாலைக்கும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் செல்வோரின் வாகனமே. தொண்ணூறுகளில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் நோயாளரும் விறகும் நெல்மூடையும் அதிலேயே சென்றமையைக் கண்டவர் பலர் இன்னும் நம்மிடையே உளர். அத்தகைய சூழலில் வளர்ந்தோருக்கு, எங்கும் சென்று சேரவேண்டிய தேவை எதுவுமின்றி ஒருவர் பல நாட்கள் வண்டி மிதிப்பது சற்று விசித்திரமாகப்படலாம். அந்த விசித்திரவுணர்ச்சியை நாம் உடனே கைவிட வேண்டியதில்லை. பழகிப்போனோர் கேட்க மறந்துவிட்ட கேள்விகள் சில அதிலிருந்து பிறக்கக்கூடும்.

வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 'பசுமைவழி' என்று அழைக்கப்படும் பாதைகள் பல உள. மோட்டார் வாகனங்களுக்கு அவற்றில் இடமில்லை. நடப்போரும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோருமே அவற்றைப் பயன்படுத்துவர். இவற்றுள் மிகப்பல புதிதாக வெட்டப்பட்டவை அல்ல. வழக்கொழிந்த கால்வாய்களின் கரைகளும், தண்டவாளம் பெயர்க்கப்பட்ட புகையிரதப் பாதைகளுமே பெயர்மாற்றம் பெற்றுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வோஷிங்டனில், ஜோர்ஜ்ரவுண் பகுதியிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து நகர்வரை பொற்றோமாக் நதியையொட்டி 184.5 மைல் நீளத்துக்குச் செல்லும் செசப்பீக்–ஒகையோ கால்வாயின் இழுவைப்பாதை இவ்வகையிற் புகழ்பெற்றது. கம்பர்லாந்திலிருந்து பென்சில்வேனியா மாநிலத்தின் பிற்ஸ்பேர்க் நகர்வரை மேலும் 150 மைல், பழைய புகையிரதப் பாதைகளின்மீது அமைந்த 'கிரேற் அலெகேனி' வழி அதனைத் தொடர்கின்றது. நாளொன்றுக்கு ஐம்பது மைல் என்ற நிதானமான கணக்கில் இரண்டையும் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இவ்வழியிற் சில நாட்கள் செல்லும் வாய்ப்பு நமக்கும் கிட்டியது. அப்பொழுது எழுந்த சிந்தனைகளே பின்னர் வாசிப்பினால் விரிவுபெற்றன.

1828 ஆம் ஆண்டு யூலை 4 ஆம் திகதி ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் பொற்றோமாக் கரையில் முதன்மண் வெட்டிக் கால்வாய் வேலையைத் தொடக்கிவைத்தார். மண்வெட்டி ஒரு வேரிற் பட்டுத் தடைப்படவே, அவர் மேலங்கியைக் கழற்றிவிட்டு மீண்டும் வெட்டினார் என்றும், கூடிநின்றோர் ஆரவாரித்தனர் என்றும் கூறுவர். அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கு மண்வெட்டியோரின் மேலங்கிகளைப் பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை. அதே நாளில் அண்டை நகராகிய போல்ற்றிமோரில், சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டோருள் அப்பொழுது உயிருடனிருந்த ஒரேயொருவராகிய சாள்ஸ் கரோல், போல்ற்றிமோர்–ஒகையோ புகையிரதப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். மேற்கிலுள்ள ஒகையோ நதிப் பள்ளத்தாக்கின் வணிகத்தைக் கைப்பற்றுவதே இரு கம்பெனிகளினதும் நோக்கம். புகையிரதம் 1842 இல் கம்பர்லாந்தை அடைந்தது. கால்வாயோ 1850 இலேயே அங்கு வந்துசேர்ந்து, ஒகையோவை ஒருபொழுதும் காணாமல் அங்கேயே நின்றுவிட்டது. வேலை முடிந்த அன்றே அது பின்தங்கிய தொழில்நுட்பமாகியிருந்தது. மூலதனத்தின் போட்டி தன் கையாலேயே தன் படைப்புகளைப் பழமையாக்கிவிடும் இயல்பினது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

இக்கால்வாயை வெட்டியோருட் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த வறிய குடியானவர். ஜேர்மானியரும், ஆங்கிலேயரும், வேல்ஸ் நாட்டவரும் அவர்களோடு வேலைசெய்தனர். கப்பற் கட்டணத்தைக் கம்பெனி செலுத்த, அதற்கு ஈடாகக் குறித்த காலம் உழைப்பதாக ஒப்பந்தஞ் செய்துகொண்டு வந்தோரும் அவர்களிடையே இருந்தனர். 1832 இல் வாந்திபேதி நோய் அவர்களது குடிசைகளிற் புகுந்தது. 1834 ஆம் ஆண்டு சனவரியில், வில்லியம்ஸ்போட் என்னும் ஊருக்கருகே, கோர்க் பிரதேசத்தாருக்கும் லோங்போட் பிரதேசத்தாருக்குமிடையே கடுமையான மோதல் மூண்டு பலர் மாண்டனர். ஜனாதிபதி அன்ட்று ஜக்சன் சமஷ்டிப் படையை அங்கு அனுப்பினார். தொழிலாளர் கொந்தளிப்பொன்றை அடக்கச் சமஷ்டி அரசு தன் படையை ஏவிய முதற் சந்தர்ப்பமாக இது அமெரிக்க வரலாற்றிற் குறிப்பிடப்படுகின்றது.

இம்மோதலை அயர்லாந்துக்காரரின் 'பிறவிக் குணம்' என்று அக்காலச் சீமான்கள் தள்ளிவிட்டனர். பிரதேசப் பகையை மட்டும் கண்ட வரலாற்றாசிரியரும் பின்னாளில் இருந்தனர். வட அமெரிக்கக் கால்வாய்த் தொழிலாளரைப் பற்றி 1993 இல் விரிவான நூலொன்றை வெளியிட்ட பீற்றர் வே, இத்தகைய மோதல்களை வேலைக்கும் கூலிக்குமான போராட்டத்தின் பின்னணியில் வைத்து ஆராய்ந்தமை முக்கியமானது. கம்பெனியின் கையிற் பணம் வற்றியிருந்தது; குளிர்காலத்தில் வேலை குறைந்தது; எஞ்சிய வேலையைத் தம் ஊரவருக்கென உறுதிப்படுத்த ஒவ்வொரு குழுவும் முயன்றது. மேல்நோக்கித் திரும்பவேண்டிய சினம் பக்கவாட்டிற் பாய்ந்தது. பிரதேசத்தின் பெயராலும் சாதியின் பெயராலும் தொழிலாளர் பிளவுபடுவதை அறிந்த நமக்கு இதனை நீண்டு விளக்கத் தேவையில்லை.

இப்பாதையின் மேற்பகுதியில் போ–போ என்னும் இடத்தில் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கவழி ஒன்றுண்டு. அதன் நீளம் 3,118 அடி. இரண்டு ஆண்டுகளில் முடியும் என எண்ணி 1836 இல் தொடங்கிய வேலை, பணமுடையாலும் வேலைநிறுத்தங்களாலும் இடைநின்று இடைநின்று, 1850 இலேயே நிறைவேறியது. உட்சுவருக்கு ஆறு மில்லியனுக்கு மேற்பட்ட செங்கற்கள் பதிக்கப்பட்டன. துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் இங்கு இறங்கி, கைவிளக்கு ஏற்றி, வண்டியை உருட்டிக்கொண்டே செல்லவேண்டும். ஒரு புறம் ஈரச்சுவர். மறுபுறம் கரிய நீர். நடுவே ஒருவர் செல்லக்கூடிய ஒடுங்கிய வழி. வெளியே வந்ததும் நம்முடன் வந்தோர் சிலர் வியந்து படம் பிடித்தனர், நாமும் பிடித்தோம். அந்தச் செங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கக்கூடிய கைகளைப் பற்றிய நினைவு அன்றிரவு கூடாரத்திலேயே வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வழியில் ஓய்வாகச் செல்வது எவ்வாறு சாத்தியமாகின்றது என்று நோக்குவோம். ஜோர்ஜ்ரவுணுக்கும் கம்பர்லாந்துக்குமிடையே நிலமட்டம் 605 அடி உயர்கின்றது. அவ்வுயர்ச்சியை 74 அடைப்புத்தொட்டிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. படகை இரு கதவுகளுக்கிடையே நிறுத்தி, நீரைப் புகுத்தியோ வெளியேற்றியோ அதன் மட்டத்தை மாற்றும் கல்லமைப்பே அடைப்புத்தொட்டி. ஆங்கிலத்தில் அதனை 'லொக்' என்பர். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்குமிடையே பாதை ஏறக்குறையச் சமதரையாகவே செல்கின்றது. கோவேறு கழுதைகள் நூறு தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரிப் படகைக் கயிற்றாற் கட்டி இழுக்கவேண்டியிருந்தமையால், நீர்மட்டத்தையொட்டிய அத்தகைய தரையே அவற்றுக்குத் தேவைப்பட்டது. கம்பர்லாந்துக்கு மேற்கே செல்லும் வழியும் அவ்வாறே. நிலக்கரி ஏற்றிய தொடர்வண்டிகளை நீராவி இயந்திரம் இழுத்து ஏறக்கூடிய மென்சரிவு, அலெகேனி மலைத்தொடரை 2,392 அடி உயரத்திற் கடக்கும் அவ்வழி நெடுகிலும் பேணப்பட்டுள்ளது. இன்று ஐம்பது வயதான ஒருவர் பெருமூச்சின்றி மலைகடப்பதற்குக் காரணம் அவரது உடல்வலிமை மட்டுமன்று. வண்டியின் பற்சக்கரங்கள் மட்டுமன்று. மலையைக் குடைந்து, பள்ளத்தை நிரவி, பாறையைப் பிளந்து வைத்தோரின் உழைப்பு அங்கு உறைந்துகிடக்கின்றது. இறந்தகால உழைப்பு உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வதைப் பற்றி மார்க்ஸ் பேசினார். இங்கு நிலைமை சற்று வேறானது. மூலதனமாக இருந்தபொழுது தொழிலாளரை ஒடுக்கிய அதே உறைந்த உழைப்பு, மூலதனம் என்ற வடிவத்தை இழந்தபின், யாரும் விலைகொடாது அனுபவிக்கும் பயன்மதிப்பாக எஞ்சியுள்ளது. இம்மாற்றமே இப்பாதையில் நமக்கு மிகவும் சுவையான அம்சமாகத் தோன்றுகின்றது.

தொட்டிகளின் விளிம்புக் கற்களிற் சில இடங்களில் விரலளவு ஆழமான தடங்கள் காணப்படும். படகுக் கயிறு பல்லாண்டுகள் உரசியதால் உண்டானவை அவை. கயிற்றின் ஒரு முனையிற் கழுதையும், கழுதைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ நடந்தனர். 1875 இல் இக்கால்வாய் பத்து இலட்சம் தொன்னை அண்மித்த சரக்கை, முக்கியமாக நிலக்கரியை, ஏற்றிச்சென்றது. படகிற் குடும்பமே வேலையாட்கள். முன்புறம் கழுதைத் தொழுவம், பின்புறம் சிறிய அறை. அதிலேயே சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும். தவழும் குழந்தை நீரில் விழாதிருக்க மேற்றட்டிற் கயிற்றாற் கட்டிவைப்பர். தொழில் திணைக்களத்தின் சிறுவர் பணியகம் 1921 இல் இக்குடும்பங்களை நேரிற் கண்டு ஆராய்ந்தது. எக்குடும்பமும் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறைவாக வேலைசெய்யவில்லை. பதினெட்டு மணி நேரம் என்றே பலர் கூறினர். படகோட்டும் பருவம் பள்ளிப்பருவத்தைத் தின்றது.

1902 இன் பின்னர் படகுகள் கம்பெனியின் கையிற் குவிந்தன. அதுவரை படகோட்டிகள் தம் படகுகளுக்கு மனைவியரதும் மகளிரதும் பெயர்களையும் தம் மனத்துக்குப் பிடித்த பெயர்களையும் சூட்டிவந்தனர். கம்பெனி அப்பெயர்களை நீக்கி இலக்கம் இட்டது. இலக்கியமாணவர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் தேவையோ? அந்நியமாதல் என்னும் கருத்தை விளக்க நாம் விரிவுரையிற் பல நூல்களைத் தேடுகின்றோம். ஒரு படகின் பக்கப்பலகையில் அது முழுவதும் எழுதப்பட்டிருந்தது.

1889 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கால்வாய்க் கம்பெனியை முறித்தது. அதன் கட்டுப்பாடு பழைய போட்டியாளராகிய புகையிரதக் கம்பெனியிடமே சென்றது. 1924 இன் வெள்ளத்துக்குப்பின் படகோட்டம் மீளவில்லை. இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இன்று இப்பாதையைப் புகழ்வோர் முதலிற் புகழ்வது அதன் மரநிழலையே. கால்வாய் தொழிற்பட்ட காலத்துப் புகைப்படங்களை நோக்கினால் கரைகள் வெறுமையாக இருக்கக் காணலாம். இழுவைக்கயிறு தடையின்றிச் செல்லப் பாதைக்கும் நீருக்குமிடையே மரம் நிற்க இடமளிக்கப்படவில்லை. வேலை நின்றபின்னரே காடு வந்தது. கீழ்ப்பகுதியின் 22 மைலுக்கு அப்பால், நீர்வற்றிய கால்வாயின் அடித்தளத்திலேயே பெருமரங்கள் வளர்ந்து நிற்கின்றன. 'தீண்டப்படாத இயற்கை' எனப் பயணி கருதுவது உண்மையில் ஒரு தொழிற்றுறையின் கல்லறைமீது வளர்ந்த காடாகும். இதனாற் காட்டின் அழகு குறைந்துவிடாது. அதன் வயது மட்டுமே தெளிவாகின்றது.

1938 இற் சமஷ்டி அரசு கால்வாயை இருபது இலட்சம் டொலருக்கு வாங்கியது. புகையிரதக் கம்பெனி அரசிடம் கடன்பட்டிருந்தமையே இவ்விற்பனைக்கு வழிவகுத்தது. இயற்கைமீது கொண்ட காதலன்று. பொருளாதார மந்தகாலத்து வேலையற்ற இளைஞருக்கென அமைக்கப்பட்ட குடிசார் பாதுகாப்புப் படையணியின் இரு முகாம்கள் 1938 முதல் 1942 வரை கீழ்ப்பகுதியைச் செப்பனிட்டன. இரண்டும் கறுப்பின இளைஞருக்கெனத் தனியே பிரித்துவைக்கப்பட்ட முகாம்கள். மாதம் முப்பது டொலர் ஊதியத்தின் பெரும்பகுதி அவர்களது குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டது. தலைநகரத்து மக்கள் மாலைநேரத்தில் உலாவும் பகுதி இவர்கள் கையாற் சீர்பெற்றது.

யுத்தத்தின் பின்னர் கால்வாயின்மீதே மோட்டார்ச்சாலை அமைக்கும் திட்டம் எழுந்தது. 1954 சனவரியில் 'வோஷிங்டன் போஸ்ற்' பத்திரிகை அதனை ஆதரித்து ஆசிரியத் தலையங்கம் எழுதிற்று. உயர் நீதிமன்ற நீதியரசர் வில்லியம் ஓ. டக்ளஸ் அதற்கு மறுப்புக் கடிதம் எழுதி, தம்முடன் நடந்துபார்த்துவிட்டு முடிவுசெய்யுமாறு பத்திரிகை ஆசிரியரை அழைத்தார். மார்ச் மாதம் கம்பர்லாந்திலிருந்து நடை தொடங்கியது. தொடங்கியோர் ஐம்பதுக்கு மேற்பட்டோர். முழுத் தூரத்தையும் நடந்து முடித்தோர் ஒன்பதின்மர். பத்திரிகை தன் நிலைப்பாட்டைத் தளர்த்தியது. திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1971 இற் கால்வாய் முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

டக்ளசின் செயலை மேட்டுக்குடி மனிதரின் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடும் முற்போக்காளரை நாம் சந்தித்ததுண்டு. அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. மோட்டார் மூலதனம் நகரங்களையும் நதிக்கரைகளையும் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பொதுநிலம் பொதுநிலமாகவே காக்கப்பட்டது. அதனை இழந்திருந்தால் முதலில் இழந்திருப்போர் மோட்டார் இல்லாதோரே. ஆயினும் டக்ளஸ் காத்தது அமைதியையும் பறவைகளையுமே. அவரது வாதத்திற் கழுதைக்குப் பின்னால் நடந்த சிறுமிக்கு அதிக இடமில்லை. ஒரு இயக்கத்தின் வெற்றியை ஏற்றுக்கொண்டே அதன் பார்வைக் குறையைச் சுட்டுவது விமரிசனத்தின் கடமை.

துவிச்சக்கரவண்டியின் வரலாறும் இத்தகைய இரட்டைத்தன்மை உடையது. 1888 இற் காற்றடைத்த றப்பர்ச் சக்கரத்துக்கு டன்லொப் காப்புரிமை பெற்றபின் அவ்வண்டி மேலைநாடுகளிற் பேரலையாகப் பரவியது. 1894 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிற் சோசலிஸ்டுகள் 'கிளாரியன்' துவிச்சக்கரவண்டிக் கழகத்தைத் தோற்றுவித்தனர். வாரவிடுமுறையிற் கிராமப்புறங்களுக்குச் செல்வதும் அங்கே துண்டுப்பிரசுரம் விநியோகிப்பதும் அவர்களுக்கு ஒரே வேலை. இன்பச்செலவும் அரசியலும் அவர்களிடம் முரண்படவில்லை. ஆயின் அந்த றப்பர் எங்கிருந்து வந்தது? பெல்ஜியத்தின் அரசர் லியோப்போல்டின் ஆட்சியிலிருந்த கொங்கோவில், காட்டுறப்பர் சேகரிக்கத் தவறிய மக்கள் சிதைக்கப்பட்டனர். 1876 இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்த பிரேசில் நாட்டு றப்பர்க் கன்றுகள், பின்னர் களுத்துறையிலும் கேகாலையிலும் தோட்டங்களாக விரிந்தன. அத்தோட்டங்களிற் பால்வெட்டியோருள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் அடங்குவர். மேலைநாட்டுத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமையில் உருண்ட சக்கரத்திற்கும் நமது நாட்டு லயன் அறைகளுக்கும் இவ்வாறு ஒரு தொடர்புண்டு.

அடுத்து நேரம். 'மூலதனம்' நூலின் மூன்றாம் பாகத்தில், தேவையின் எல்லைக்கு அப்பாலேயே சுதந்திரத்தின் இராச்சியம் தொடங்குகின்றது என்றும், வேலைநாளைக் குறைப்பதே அதற்கு அடிப்படை நிபந்தனை என்றும் மார்க்ஸ் வாதித்தார். எங்கெல்ஸ் அப்பாகத்தைப் பதிப்பித்த ஆண்டும் 1894 தான். கால்வாய் பொதுவுடைமையான 1938 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவில் நியாயத் தொழில் நியமங்கள் சட்டம் நிறைவேறி, சிறுவர் உழைப்பைக் கட்டுப்படுத்தியதுடன் நாற்பது மணி நேர வேலைவாரத்துக்கும் வழிகோலியது. வேலைநிறுத்தங்களும் தொழிற்சங்கங்களும் இன்றி அச்சட்டம் இல்லை. அச்சட்டம் தந்த சனி, ஞாயிறு இன்றி இழுவைப்பாதையிற் கூட்டமில்லை. இதனைச் சொல்லும்பொழுதே மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்நாட்டில் தனியார்துறைத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறையைக் கட்டாயமாக்கும் சமஷ்டிச் சட்டம் இன்றுவரை இல்லை. வார இறுதியிற் பத்து மைல் செல்வோர் பல திறத்தினர். ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்கி முழுவழியையும் கடப்போரில் நாம் கண்டவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியம் பெற்றோரும் உயர்தொழிலாளருமே. பாதை எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. அதனைக் கடக்கத் தேவையான ஏழு நாட்கள் அவ்வாறு திறந்திருக்கவில்லை.

தொட்டிகளை இயக்கியோர் கரையிலே சிறிய வீடுகளில் வாழ்ந்தனர். வீடும் ஒரு துண்டுத் தோட்டநிலமும் சொற்ப ஊதியமும் அவர்களுக்குக் கிடைத்தன. இரவு எந்நேரத்திற் படகு வந்து கொம்பூதினாலும் எழுந்து கதவு திறக்கவேண்டும். அவ்வீடுகளிற் சில இன்று பயணிகளுக்கு இரவுத் தங்கலுக்காக வாடகைக்கு விடப்படுகின்றன. மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத வீடுகளும் அவற்றுள் உள. வறுமையின் நிபந்தனையாக இருந்த இருள், இப்பொழுது விரும்பி விலைகொடுக்கும் அனுபவமாகியுள்ளது. இதனை ஏளனஞ் செய்வது எளிது. ஆயினும் எண்ணெய் விளக்கடியில் ஓரிரவு தங்கும் குடும்பத்தின் பிள்ளை, இவ்வீட்டில் முன்பு இருந்தவர் யார் என்று கேட்கக்கூடும் என்பதையும் மறுக்கமுடியாது.

அப்பிள்ளைக்கு வழிகாட்டி நூல்கள் என்ன விடை தருகின்றன? இத்தகைய நூல்களின் மொழிநடை தனி ஆய்வுக்குரியது. 'கால்வாய் கட்டப்பட்டது', 'சுரங்கவழி குடையப்பட்டது', 'நகரம் கைவிடப்பட்டது' என்றே வாக்கியங்கள் அமைகின்றன. செயப்பாட்டு வினையில் எழுவாய் ஒளிந்துகொள்கின்றது. கட்டியவர், குடைந்தவர், கைவிட்டவர் ஒருவரும் தென்படார். பறவைகளும் பூக்களும் மட்டும் செய்வினையிற் பேசப்படும்! நாட்டுப்புறக் காட்சி பற்றிய ஆங்கில இலக்கிய மரபு உழைப்பை எவ்வாறு சட்டத்துக்கு வெளியே தள்ளிற்று என்பதை றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் வெளியிட்ட 'நாடும் நகரமும்' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்தார். வழிகாட்டி நூல்கள் அம்மரபின் கடைசி வாரிசுகள் எனலாம். நமது திணைமரபில் நிலத்தைச் சொல்லும்பொழுது மரமும் புள்ளும் விலங்கும் மட்டுமன்றி அந்நிலத்து மக்களின் தொழிலும் கருப்பொருளில் அடங்குவது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. இதனைக் கொண்டு பழந்தமிழர் பொருள்முதல்வாதிகள் என்று முழங்கும் நோக்கம் நமக்கில்லை. நிலத்தைத் தொழிலிலிருந்து பிரிக்காமற் பேச ஓர் இலக்கணம் இயலும் என்பதே நாம் கூறவருவது.

கம்பர்லாந்துக்கு மேற்கே இத்தேவை மேலும் கூர்மையடைகின்றது. 1975 இல் வெஸ்ரேர்ன் மேரிலாந்து புகையிரதம் இப்பகுதிப் பாதையைக் கைவிட்டது. 1983 இற் சட்டம் திருத்தப்பட்டு, வழக்கொழிந்த புகையிரத வழிகளை எதிர்காலத் தேவைக்கெனக் காத்துவைத்து இடைக்காலத்திற் பொதுப்பாதையாகப் பயன்படுத்த வழிபிறந்தது. 1986 இல் ஓகையோபைல் அருகே முதற்பகுதி திறக்கப்பட்டது; 2013 இல் வழி பிற்ஸ்பேர்க்வரை நிறைவுற்றது. யொக்ககேனி நதியையொட்டி அடர்ந்த காட்டினூடாக வண்டி இறங்கும் இப்பகுதியே முழுப்பயணத்திலும் மிக இனியது என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்நதிக்கரையில் வான்மீற்றர் என்னும் இடத்தருகே, 1907 ஆம் ஆண்டு டிசெம்பர் 19 ஆம் திகதி டார் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 239 பேர் மாண்டனர். ஹங்கேரியிலிருந்து வந்தோர் அவர்களிற் பலர். அடையாளங் காணமுடியாத உடல்கள் பொதுக்குழியில் அடக்கஞ் செய்யப்பட்டன. இன்று அவ்விடத்தில் மரங்களும் நதியின் ஓசையுமே உள.

பிற்ஸ்பேர்க்கை நெருங்கும்பொழுது பாதை ஹோம்ஸ்ரெட்டைக் கடக்கின்றது. 1892 இற் கார்ணெகி உருக்குக் கம்பெனியின் முகாமையாளர் ஹென்றி கிளே பிறிக், தொழிற்சங்கத்தை ஒழிக்கும் நோக்குடன் ஆலையின் கதவை அடைத்தார். கார்ணெகி அப்பொழுது ஸ்கொத்லாந்தில் இருந்தார். யூலை 6 ஆம் திகதி விடியுமுன், பிங்கேர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதம் தாங்கிய முந்நூறு பேர் இரு பாரப்படகுகளில் மொனொங்ககீலா நதிவழியே வந்திறங்க முயன்றனர். தொழிலாளரும் அவர்தம் மனைவியரும் கரையில் நின்று தடுத்தனர். நாள்முழுவதும் நீடித்த மோதலில் இருதரப்பிலும் குறைந்தது பத்துப்பேர் மாண்டனர். பிங்கேர்ட்டன் படை சரணடைந்தது, சில நாட்களில் மாநிலப்படை வந்தது, சங்கம் தோற்கடிக்கப்பட்டது. 1986 இல் ஆலை மூடப்பட்டது. அதன் நிலத்திற் பெரும்பகுதி இப்பொழுது கடைத்தொகுதியும் திரையரங்கும் வாகனத் தரிப்பிடமுமாகும். வரிசையாக நிற்கும் பன்னிரண்டு புகைபோக்கிகளும், படகுகள் ஒதுங்கிய இடத்தருகே உள்ள நீரிறைக்கும் நிலையக் கட்டடமும் எஞ்சியுள்ளன. தொழிலாளர் வரலாற்றில் ஈடுபாடுடையோர் அக்கட்டடத்திற் கூட்டங்களும் உரைகளும் நடத்திவருகின்றனர்.

துவிச்சக்கரவண்டிப் பாதை அக்கட்டடத்தை ஒட்டியே செல்கின்றது. நாம் அங்கு சென்றது ஒரு பிற்பகல். நதியோரத்திற் சிறிது நேரம் நின்று, பாரப்படகுகள் எத்திசையிலிருந்து வந்திருக்கும் என்று பார்த்தோம். அப்பொழுதும் ஓர் இழுவைப்படகு நிலக்கரிப் பாரத்தைத் தள்ளிக்கொண்டு மெல்லச் சென்றது. வண்டியில் வந்த இருவர் நம்மருகே இறங்கி, இக்கட்டடம் என்ன என்று கேட்டனர். நமக்குத் தெரிந்தவரை சொன்னோம். அவர்களுள் ஒருவர் தம் பாட்டனார் இந்த ஆலையில் வேலைசெய்தவர் என்றும், இந்தச் செய்தியைத் தமக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றும் கூறினார்.